பிளானை ஏத்துறதுக்கு முன்னாடி வைஃபையைப் பாருங்க: மாசம் 590 ரூபாய் மிச்சமாகலாம்



வீட்ல இருந்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சினை இது. ஹால்ல உட்கார்ந்தா நெட் பறக்குது. பெட்ரூம் கதவைச் சாத்திட்டு ஆபீஸ் மீட்டிங்ல சேர்ந்தா, நீங்க பேசுறது பாதிதான் அந்தப் பக்கம் கேட்குது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டா பல நேரம் கிடைக்கிற யோசனை, "இதைவிடப் பெரிய பிளானுக்கு மாறிக்கோங்க சார்." நாமும் மாறிடுறோம். ரெண்டு நாள் நல்லா இருக்கிற மாதிரி தோணும். மூணாவது நாள் பெட்ரூம்ல பழைய கதைதான்.

இந்தப் பதிவோட மொத்த விஷயத்தையும் முதல்லயே சொல்லிடுறேன். உங்க வீட்டு வாசல் வரைக்கும் வர்ற லைன் வேற, வீட்டுக்குள்ள அந்த நெட்டைப் பரப்புற வைஃபை வேற. வைஃபைல பிரச்சினையை வெச்சுக்கிட்டு பிளானுக்குப் பணம் கட்டினா பணம்தான் போகும், பிரச்சினை போகாது.

மொட்டை மாடி டேங்க்ல தண்ணி நிறைய இருக்கு, ஆனா பாத்ரூம் குழாய்ல நூல் மாதிரி வருதுன்னு வெச்சுக்கோங்க. இன்னொரு லாரி தண்ணி வாங்குவீங்களா, பிளம்பரைக் கூப்பிடுவீங்களா? நெட்டுக்கும் அதே கேள்விதான்.

முதல்ல காசுக் கணக்கு

கணக்குக்காக 499 ரூபாய் பிளான் ஒண்ணு, 999 ரூபாய் பிளான் ஒண்ணு எடுத்துப்போம். பிராட்பேண்ட் பில்லுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. விளம்பரத்துல பெரும்பாலும் அதைச் சேர்க்காம பெரிய எழுத்துல போடுவாங்க. சேர்த்துப் பார்த்தா முதல் பிளான் 589 ரூபாய், ரெண்டாவது 1,179 ரூபாய். வித்தியாசம் மாசம் 590 ரூபாய். வருஷத்துக்கு 7,080. மூணு வருஷத்துக்கு 21,240.

இந்த 590 ரூபாயை எஸ்ஐபில போட்டா கோடீஸ்வரர் ஆகலாம்னெல்லாம் சொல்லப் போறதில்ல. ஆனா சம்பளம் வாங்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய தொந்தரவே மாசாமாசம் ஒட்டிக்கிற செலவுதான். ஒருமுறை 2,500 ரூபாய் கொடுத்து ரவுட்டர் வாங்கணும்னா பத்து முறை யோசிப்போம். ஆட்டோபேல மாசம் 590 போறது நம்ம கண்ணுலயே படாது. அதனாலதான் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கச் சொல்றேன்.

உங்களுக்கு உண்மையில எவ்வளவு ஸ்பீடு வேணும்?

நெட்ஃபிளிக்ஸ் தன்னோட பரிந்துரையா சொல்றது, ஃபுல் ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். ஹெச்டி வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தா தாராளம்.

நாலு பேர் இருக்கிற வீடு. ஒரே நேரத்துல டிவில 4கே படம் ஓடுது, ரெண்டு பேர் ஆபீஸ் கால்ல இருக்காங்க, ஒருத்தர் போன்ல ஃபுல் ஹெச்டி வீடியோ பார்க்கிறார். 15 + 8 + 5, மொத்தம் 28 எம்பிபிஎஸ். எதுக்கும் இருக்கட்டும்னு அதை ரெண்டு மடங்காக்கினாலும் 56. அதாவது இப்படிப்பட்ட வீட்டுக்கு 50லிருந்து 100 எம்பிபிஎஸ் பிளானே போதும்.

பெரிய பிளான் எங்க உதவும்னா, பெரிய ஃபைல் டவுன்லோடுல. 50 ஜிபி கேம் ஒண்ணை இறக்க 100 எம்பிபிஎஸ்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். 200ல அதுல பாதி. மாசத்துக்கு ரெண்டு தடவை அரை மணி நேரம் மிச்சமாகுறதுக்கு 590 ரூபாய் தரலாமா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. தினமும் வீடியோ எடிட் பண்ணி அப்லோடு பண்றவங்களா இருந்தா கணக்கு வேற. ஆனா அப்பவும் டவுன்லோடு ஸ்பீடை மட்டும் பார்க்காம, அந்த பிளான்ல அப்லோடு எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க. சில பிளான்ல அது குறைவா இருக்கும்.

இன்னொரு சின்னக் குழப்பம். பிளான்ல எழுதியிருக்கிறது மெகா'பிட்'. டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுறது பெரும்பாலும் மெகா'பைட்'. 8 பிட் சேர்ந்தா 1 பைட். அதனால 100 எம்பிபிஎஸ் பிளான்ல டவுன்லோடு நொடிக்கு 12.5 எம்பிக்குள்ளதான் இருக்கும். 11, 12ன்னு காட்டினா யாரும் உங்களை ஏமாத்தல.

பதினஞ்சு நிமிஷ டெஸ்ட்

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க. மூணு இடத்துல ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, மூணு நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஸ்பீடுடெஸ்ட் ஆப், ஃபாஸ்ட் டாட் காம் எதுவா இருந்தாலும் சரி. டெஸ்ட் ஓடும்போது டிவி, மத்த போன் எல்லாத்தையும் நெட்ல இருந்து எடுத்துடுங்க.

1. நெட் பாக்ஸ்ல இருந்து லேன் வயரை நேரா லேப்டாப்ல சொருகி ஒரு டெஸ்ட். லேப்டாப்ல லேன் போர்ட் இல்லைன்னா இதை விட்டுடுங்க.

2. பாக்ஸ்ல இருந்து நாலு அடி தள்ளி நின்னு, போனை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல கனெக்ட் பண்ணி ஒரு டெஸ்ட்.

3. பிரச்சினை வர்ற ரூம்ல, நீங்க வழக்கமா உட்கார்ற அதே நாற்காலியில, கதவைச் சாத்திட்டு ஒரு டெஸ்ட்.

காலைல ஒரு தடவை, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை எடுத்தா இன்னும் நல்லது. இப்ப நம்பரைப் படிப்போம்.

முதல் ரெண்டும் பிளான் ஸ்பீடுக்குப் பக்கத்துல இருக்கு, மூணாவது மட்டும் படுத்துடுச்சா? லைன் நல்லா இருக்கு, வைஃபைதான் அந்த ரூமுக்குப் போய்ச் சேரல. பிளானை ஏத்தினா ஒரு பைசா பிரயோஜனம் இல்ல.

வயர்லயே குறைவா வருதா? அப்ப லைன்லயோ பாக்ஸ்லயோ கோளாறு. கம்ப்ளெயின்ட் பண்ணுங்க, டாக்கெட் நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க. அதுல தீரலைன்னா அதே நிறுவனத்தோட அப்பீல் அதிகாரிகிட்ட போகலாம். டிராய் விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்துலயும் அந்த ரெண்டாவது படி இருக்கணும். அங்க போறதுக்கும் இந்த டாக்கெட் நம்பர்தான் கேட்பாங்க.

காலைல நல்லா வருது, ராத்திரி மட்டும் விழுதா? பெரும்பாலும் உங்க ஏரியாவுல அந்த நேரத்துல லைன் நெரிசலா இருக்கு. இதுக்கும் பெரிய பிளான் மருந்து இல்ல. அதே ரோட்டுல பெரிய கார் வாங்கின மாதிரிதான். கம்ப்ளெயின்ட் பண்ணிப் பாருங்க. சரியாகலைன்னா பக்கத்து வீட்ல வேற கம்பெனி லைன் ராத்திரி எப்படி வருதுன்னு கேட்டுப் பாருங்க.

மூணு இடத்துலயும் நல்லா வருது, ஆனா வீட்ல எல்லாரும் சேர்ந்து உபயோகிச்சா மட்டும் திணறுதா? இந்த ஒரு நிலைமைக்குத்தான் பெரிய பிளான் சரியான பதில். அப்ப தாராளமா ஏத்துங்க.

செலவே இல்லாத வேலைகள்

வைஃபைதான் பிரச்சினைன்னு தெரிஞ்சா, முதல்ல பாக்ஸ் எங்க இருக்குன்னு பாருங்க. நம்ம வீடுகள்ல அது வாசல் கதவுக்கு மேல, லாஃப்ட்டுல, இல்ல டிவிக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும். கனெக்ஷன் கொடுக்க வந்தவருக்கு எங்க வயர் கம்மியா ஆகுமோ அங்க மாட்டிட்டுப் போயிருப்பார்.

வைஃபை ஒரு ரேடியோ அலை. செங்கல் சுவரைத் தாண்டும்போது பலம் குறையும். கம்பி கட்டின கான்கிரீட் தளம், பில்லர், பீம்ல இன்னும் குறையும். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, ஃப்ரிட்ஜ், தண்ணி டேங்க் எல்லாமே எதிரிகள்தான். பெட்ரூம் சுவரை ஒட்டி பீரோ நிக்குது, அதுக்கு அந்தப் பக்கம் பாக்ஸ் இருக்குன்னா அந்த ரூமுக்கு சிக்னல் எப்படி வரும்?

பாக்ஸை வீட்டுக்கு நடுவுல, திறந்த இடத்துல, தலை உயரத்துல வெக்கப் பாருங்க. அஞ்சாறு அடி நகர்த்தினாலே பல வீட்ல வித்தியாசம் தெரியும். நகர்த்தும்போது ஃபைபர் வயரை மடக்கி ஒடிச்சுடாதீங்க, உள்ளே இருக்கிறது கண்ணாடி இழை. வயர் நீளம் பத்தலைன்னா டெக்னீஷியனைக் கூப்பிடுங்க. புதுசா கனெக்ஷன் வாங்குறவங்களுக்கு ஒரு டிப்ஸ், வர்ற அன்னைக்கே "ஹாலுக்கு நடுவுல இந்தச் சுவர்ல வையுங்க"ன்னு நீங்க இடத்தைக் காட்டுங்க. பின்னாடி மாத்துறதைவிட அது சுலபம்.

அடுத்தது பேண்ட். இப்ப வர்ற பாக்ஸ் பெரும்பாலும் ரெண்டு பேண்ட்ல வேலை செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனா ஸ்பீடு கம்மி. அபார்ட்மென்ட்ல எல்லா வீட்டு வைஃபையும் அதுலயே மோதிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் ஸ்பீடு அதிகம், ஆனா ரெண்டு சுவர் தாண்டினா சோர்ந்துடும். (வைஃபை பேர்ல '5ஜி'ன்னு வர்றதுக்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தமே இல்ல.) லேப்டாப், டிவி ரெண்டும் பாக்ஸ் இருக்கிற ரூம்லயே இருந்தா 5ல போடுங்க. தூரத்து ரூமுக்கு, ஸ்மார்ட் பல்புக்கு 2.4 போதும். ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சிருந்தா போன் எதுல ஒட்டியிருக்குன்னு தெரியாது. டெஸ்ட் பண்ற வரைக்குமாவது தனித்தனிப் பேர் வையுங்க.

மூணாவது சேனல். 2.4ல ஒண்ணோட ஒண்ணு உரசாத சேனல் மூணுதான்: 1, 6, 11. ஆண்ட்ராய்டு போன்ல வைஃபை அனலைசர் ஆப் ஒண்ணு போட்டுப் பார்த்தா அக்கம்பக்கத்து வீடெல்லாம் எந்தச் சேனல்ல குவிஞ்சிருக்குன்னு தெரியும். கூட்டம் கம்மியா இருக்கிறதுக்கு மாத்துங்க. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ்ல வையுங்க.

அதே ஆப்ல சிக்னல் பலமும் மைனஸ் நம்பர்ல தெரியும். மைனஸ் 50 ரொம்ப நல்லது. மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் ஒழுங்கா ஓடும். மைனஸ் 75, 80ன்னு போனா கால் உடையும். இந்த நம்பரையும் ரூம் வாரியா எழுதி வெச்சுக்கோங்க, அடுத்த படிக்கு இதுதான் வரைபடம்.

சில நூறு ரூபாய்: வயரும் போர்ட்டும்

200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் டெஸ்ட்ல எப்பவும் 90, 95க்கு மேல ஏறவே மாட்டேங்குதா? இதுல ஒரு பொதுவான காரணம் இருக்கு. விலை குறைந்த ரவுட்டர் பலதுல வயர் சொருகுற போர்ட் 100 எம்பிபிஎஸ் வகைதான். அட்டைப்பெட்டி மேல '300', '750'ன்னு எழுதியிருக்கும். அது வைஃபைல ஏட்டளவுல வர்ற ஸ்பீடு. வீட்டுக்குள்ள வர்ற குழாயே 100தான்னா, அதுக்கு மேல எங்கிருந்து வரும்? உதாரணத்துக்கு டிபி-லிங்க் ஆர்ச்சர் சி20ல இருக்கிறது 100 எம்பிபிஎஸ் போர்ட். ஆர்ச்சர் சி6ல ஜிகாபிட் போர்ட். ரவுட்டர் வாங்கும்போது ஆன்டெனா எத்தனைன்னு எண்ணாதீங்க, 'ஜிகாபிட் போர்ட் இருக்கா'ன்னு கேளுங்க.

வயர்லயும் இதே கதைதான். லேன் வயருக்குள்ள எட்டு இழை இருக்கும். நாலு மட்டும் சேர்ந்திருந்தா 100 எம்பிபிஎஸ்தான் போகும். கேட் 5இ வயரே 100 மீட்டர் வரைக்கும் 1,000 எம்பிபிஎஸ் தாங்கும். கேட் 6 எடுத்தா இன்னும் நல்லது. ரெடிமேடா 10, 15 மீட்டர் வயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது.

உங்க ஆபீஸ் டேபிள் ஒரே இடத்துல இருக்கா? அங்க வரைக்கும் ஒரு வயர் இழுத்து லேப்டாப்ல சொருகிடுங்க. கால் கட் ஆகுற பிரச்சினைக்கு இதைவிடச் சீப்பான, நிச்சயமான தீர்வு கிடையாது. வாடகை வீட்ல சுவர்ல துளை போட ஓனர் ஒத்துக்கமாட்டார்னா தட்டையான லேன் வயர் இருக்கு. கதவுக்கு அடியில, சுவர் ஓரமா ஒட்டி எடுத்துட்டுப் போகலாம். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துட்டுப் போயிடலாம்.

பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாதீங்க

பரண் மேல ஒரு பழைய ரவுட்டர் கிடக்குதா? அதை ஆக்சஸ் பாயின்ட்டா மாத்தினா, பெட்ரூம்ல இன்னொரு வைஃபை பாக்ஸ் வெச்ச மாதிரி. மெயின் பாக்ஸ்ல இருந்து வயர் அந்த ரூமுக்குப் போகும், அங்க இது வைஃபையைப் பரப்பும். வயர்ல வர்றதால ஸ்பீடு குறையாது. செய்முறை இது:

1. பின்னாடி இருக்கிற சின்னத் துளையில ஊக்கால பத்து நொடி அழுத்தி ரீசெட் பண்ணுங்க.

2. லேப்டாப்பை அதோட மட்டும் வயர்ல இணைச்சு, பிரவுசர்ல அடியில ஒட்டியிருக்கிற முகவரியைப் போடுங்க. பெரும்பாலும் 192.168.0.1 இல்ல 192.168.1.1.

3. செட்டிங்ஸ்ல 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தா அதைத் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணுங்க. நேரா அஞ்சாவது படிக்குப் போயிடலாம்.

4. அந்த மோடு இல்லைன்னா ரெண்டு மாற்றம் பண்ணணும். ஒண்ணு, அதோட ஐபியை மெயின் பாக்ஸ் வரிசையிலேயே, ஆனா அது மத்த கருவிகளுக்குப் பங்கிடாத ஒரு நம்பருக்கு மாத்தணும். மெயின் பாக்ஸ் 192.168.1.1ல இருந்துக்கிட்டு 2லிருந்து 200 வரைக்கும் பங்கிடுதுன்னா, இதுக்கு 192.168.1.250 கொடுங்க. ரெண்டு, இதுல டிஹெச்சிபியை ஆஃப் பண்ணணும். வீட்ல நம்பர் கொடுக்கிற வேலையை ஒருத்தர்தான் பார்க்கணும், ரெண்டு பேர் பார்த்தா சண்டை. மெயின் பாக்ஸ்ல இருந்து வர்ற வயரை இதோட வேன் போர்ட்ல போடாம லேன் போர்ட்ல சொருகுங்க.

5. வைஃபை பேர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூணையும் மெயின் பாக்ஸ்ல இருக்கிற மாதிரியே வையுங்க. அப்பதான் ரூம் மாறும்போது போன் தானா மாறிக்கும். சேனல் மட்டும் வேறயா இருக்கட்டும். அது 1ன்னா இது 6 இல்ல 11.

போன் சில நேரம் ஹால் சிக்னலையே பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கும். வைஃபையை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பழைய ரவுட்டர்ல டபிள்யூபிஏ2 பாதுகாப்பாவது இருக்கணும். அது கூட இல்லாத காலத்துக் கருவின்னா மின்கழிவுல போட்டுடுங்க.

ரிப்பீட்டர்: வாங்கலாமா?

1,000லிருந்து 2,000 ரூபாய்க்குள்ள கிடைக்குது, பிளக்ல சொருகினா போதும். அதனால எல்லாரும் முதல்ல இதைத்தான் வாங்குறாங்க. இது எப்படி வேலை செய்யுதுன்னா, ஹால் வைஃபையைக் காதுல வாங்கி, திரும்பவும் சத்தமா சொல்லுது. ஒரே பேண்ட்ல கேட்கவும் சொல்லவும் செய்யறதால ஸ்பீடு ஏறக்குறைய பாதியாயிடும். 100 எம்பிபிஎஸ் வர்ற இடத்துல 40, 50தான் கிடைக்கும்னு எடுத்துக்கோங்க. டிவி பார்க்க, வீடியோ காலுக்கு அது போதும்னா வாங்குறதுல தப்பில்ல.

ஆனா எங்க வெக்கிறீங்கங்கிறது முக்கியம். சிக்னலே வராத ரூம்ல சொருகினா அது எதைக் கேட்டு எதைச் சொல்லும்? ஹாலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல, சிக்னல் இன்னும் மைனஸ் 60 அளவுக்கு இருக்கிற இடத்துல வையுங்க. வாங்கினா ரெண்டு பேண்ட் இருக்கிறதா, லேன் போர்ட் உள்ளதா வாங்குங்க. நாளைக்கு வயர் இழுத்தா அதையே ஆக்சஸ் பாயின்ட்டா மாத்திக்கிற வசதி அதுல இருக்கான்னும் கேட்டுக்கோங்க.

மெஷ்: யாருக்கு?

ரெண்டு மூணு பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையா வேலை செய்யறதுதான் மெஷ். ஒரே ஆப்ல எல்லாத்தையும் பார்க்கலாம், மாடிக்கும் கீழேயும் நடந்தா கால் கட் ஆகாம மாறிக்கும். ரெண்டு பெட்டி செட் ஏறக்குறைய 5,000 ரூபாயிலிருந்து ஆரம்பிக்குது.

மாடி வீடு, மூணு பெட்ரூம், அப்பா அம்மாவுக்கு 'எந்த வைஃபைல கனெக்ட் பண்றது'ங்கிற கேள்வியே வரக்கூடாது, இப்படி இருந்தா மெஷ் நல்ல செலவு. 600 சதுர அடி வாடகை வீட்டுக்கு இது தேவையில்ல. அங்க ஒரு நல்ல ரவுட்டர் நடுவுல இருந்தாலே போதும்.

வாங்கினா ரெண்டு விஷயம் பாருங்க. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல வயர் இணைக்க முடியுமா, அந்தப் போர்ட் ஜிகாபிட்டா? காத்துலயே பேசிக்கிற மெஷ், விலை கூடின ரிப்பீட்டர் மாதிரிதான். கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது அதுவும் திணறும். சொந்த வீடு கட்டுறவங்க, எலக்ட்ரிக்கல் பைப் போடும்போதே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கேட் 6 வயர் இழுத்து வெச்சுடுங்க. பின்னாடி சுவரை உடைக்கிறதைவிட இது எவ்வளவோ சீப்பு.

நெட் கம்பெனியே 'மாசம் இவ்வளவு கொடுங்க, நாங்க மெஷ் தர்றோம்'னு சொன்னா அதையும் கணக்குப் போடுங்க. மாசம் 99 ரூபாய், ஜிஎஸ்டியோட ஏறக்குறைய 117. மூணு வருஷத்துக்கு 4,200க்கு மேல. கடைசில பெட்டி உங்களுது கிடையாது. ஒரு வருஷத்துல ஊர் மாறப் போறீங்கன்னா வாடகை லாபம், அதே வீட்லதான் இருப்பீங்கன்னா சொந்தமா வாங்குறது லாபம்.

இன்னும் ரெண்டு செலவு, கரன்ட்டும் பவர்கட்டும்

ரவுட்டர் ஒண்ணு 10 வாட் எடுக்குதுன்னு வெச்சுக்கிட்டா, நாள் முழுக்க ஓடினா மாசம் 7.2 யூனிட். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், அப்ப 14 யூனிட் சொச்சம். ஒவ்வொரு கூடுதல் பெட்டிக்கும் இதைச் சேர்த்துக்கோங்க.

கரன்ட் போனா லேப்டாப் ஓடும், நெட் போயிடும். வீட்ல இன்வெர்ட்டர் இல்லாதவங்க ரவுட்டருக்குன்னே வர்ற மினி யுபிஎஸ் வாங்கலாம், 1,000லிருந்து 2,000 ரூபாய் ஆகும். வாங்குறதுக்கு முன்னாடி உங்க பாக்ஸ் அடாப்டர்ல 12 வோல்ட், எத்தனை ஆம்பியர்னு படிங்க. யுபிஎஸ்ல அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் இருக்கணும். ஃபைபர் பாக்ஸ் ஒண்ணு, ரவுட்டர் தனியா ஒண்ணுன்னா ரெண்டுக்கும் பவர் வேணும், மறந்துடாதீங்க.

பணம் சம்பந்தப்பட்ட பாதுகாப்பு

இந்த வைஃபைலதான் நம்ம பேங்க், டீமேட், யுபிஐ எல்லாம் ஓடுது. ரவுட்டர் செட்டிங்ஸுக்குள்ள யாராவது நுழைஞ்சா, நீங்க பேங்க் முகவரி போட்டாலும் போலிப் பக்கத்துக்குத் திருப்பிவிட முயற்சி பண்ணலாம். பத்து நிமிஷ வேலை, இன்னைக்கே பண்ணிடுங்க.

செட்டிங்ஸ் பக்கத்தோட பாஸ்வேர்டு 'அட்மின்'னு இருந்தா மாத்துங்க. இது வைஃபை பாஸ்வேர்டு இல்ல, வேற. பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 இல்ல டபிள்யூபிஏ3ல வையுங்க. டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் பண்ணுங்க. ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க. விருந்தாளிகளுக்கும் சிசிடிவி கேமராவுக்கும் 'கெஸ்ட் நெட்வொர்க்' ஒண்ணு தனியா கொடுங்க. பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினா, பேங்க் பக்கமா இருந்தாலும் உள்ளே போகாதீங்க.

பக்கத்து வீட்டுக்கு பாஸ்வேர்டு கொடுத்து பில்லைப் பங்கு போடுறீங்களா? கனெக்ஷன் உங்க ஆதாரத்துல, உங்க பேர்ல இருக்கு. அந்த நெட்ல ஏதாவது தப்பு நடந்தா முதல் கேள்வி உங்ககிட்டதான் வரும். மாசம் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இந்த ரிஸ்க் வேண்டாம். ஒரே ரூம்ல நாலு நண்பர்கள் பங்கு போடுறது வேற விஷயம், ஆனா ஒருத்தர் காலி பண்ணிட்டுப் போனதும் பாஸ்வேர்டை மாத்திடுங்க.

வீடு மாறும்போது கம்பெனி பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தா ரசீது வாங்குங்க, டெபாசிட் கட்டியிருந்தா திரும்பி வர அதுதான் ஆதாரம். கொடுக்கிறதுக்கு முன்னாடி ரீசெட் பண்ணிடுங்க.

எந்த வீட்டுக்கு எது?

ஒரு பெட்ரூம் வாடகை வீடு: பாக்ஸை நகர்த்துங்க, 5 கிகாஹெர்ட்ஸ் போடுங்க. செலவு 0.

ரெண்டு பெட்ரூம் வாடகை வீடு, ஒரு ரூம்ல வேலை: 15 மீட்டர் வயர், முடிஞ்சா பழைய ரவுட்டர். 500லிருந்து 800 ரூபாய்.

வயர் போடவே முடியாத வீடு: ரெண்டு பேண்ட் ரிப்பீட்டர். 2,000 ரூபாய்க்குள்ள.

மாடி வீடு, சொந்த வீடு: வயரோட மெஷ், இல்ல மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட். 3,000லிருந்து 8,000 ரூபாய்.

இதுல எதுவா இருந்தாலும் மூணு வருஷத்து 21,240 ரூபாயோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. பாதி கூட வராது.

கடைசியா ரெண்டு விஷயம். வீட்ல இருந்து வேலை பார்க்கிறவங்க, பிராட்பேண்ட் பில்லுக்குக் கம்பெனி பணம் தருமான்னு ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. தர்ற கம்பெனிகள் இருக்கு, கேட்காதவங்களும் நிறைய இருக்காங்க. பில் உங்க பேர்ல இருந்தா நல்லது. அடுத்து, ஆறு மாசம், ஒரு வருஷம்னு மொத்தமா கட்டினா தள்ளுபடின்னு சொல்லுவாங்க. ஒரு மாசம் ஓட்டி, ராத்திரி 9 மணி டெஸ்ட்ல பாஸானதுக்கு அப்புறம் கட்டுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினஞ்சு நிமிஷ டெஸ்டைப் பண்ணிட்டு, மூணு நம்பரையும் கமெண்ட்ல போடுங்க. வீடு எத்தனை ரூம், பாக்ஸ் எங்க இருக்குன்னும் சேர்த்து எழுதுங்க. உங்களுக்கு எந்தப் படி போதும்னு பேசுவோம்.